டெல்ஃப்ட் நகரின் துறைமுகச் சித்திரம்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்த நாம், வீட்டுச் சுவரில் ஊர்க் கோயிலின் கோபுரப் படத்தை மாட்டி வைக்கிறோம். அஃது அழகுக்காக மட்டுமன்று; நம் ஊர் அங்கே நிலைபெற்று நிற்கிறது என்னும் ஆறுதலுக்காகவுமாம். அத்தகைய ஆறுதலை உலகினர்க்கே அளித்துவரும் ஓர் ஓவியத்தின் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

ஒல்லாந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு பிறந்தவர் யோஹன்னஸ் வெர்மீர். 1653இல் அந்நகர ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். அவர் யாரிடம் தொழில் பயின்றார் என்பதற்கு ஆவணம் எதுவும் கிடைத்திலது. மறு ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் நகரின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. வடகிழக்குப் பகுதி தரைமட்டமாயிற்று. மாண்டோருள் ஃபாப்ரிட்டியுஸ் என்னும் சிறந்த ஓவியரும் ஒருவர். வான் டெர் போல் என்னும் மற்றோர் ஓவியர் அவ்விபத்தையே திரும்பத் திரும்பப் பலமுறை வரைந்தார்.

வெர்மீர் செய்தது வேறு. 1660ஆம் ஆண்டையொட்டி, தெற்குக் கரையில் நின்று, 1614இல் வெட்டப்பட்ட சிறு துறைமுகத்தையும் அதன் அப்பாலுள்ள நகரையும் தைலவண்ணத்தில் தீட்டினார். மேலே கருமேகம், கீழே கண்ணாடியனைய நீர். இரு நகர வாயில்கள் நிழலில் நிற்க, புதிய தேவாலயத்தின் கோபுரம் மட்டும் வெயிலில் பொன்னென ஒளிர்கிறது. வலப்புறம் மீன்பிடி கலங்கள் பழுதுபார்க்கப்படுகின்றன. இடக்கரையில் சிலர் நின்று உரையாடுகின்றனர். இடிந்த பகுதி கண்ணில் படவில்லை. பேரழிவு கண்ட ஊரின் ஓர் அமைதியான காலை வேளையே நம்முன் விளங்குகிறது.

இத்துறைக்கும் தமிழர்க்கும் ஒரு தொடர்பு உண்டு. 1602இல் நிறுவப்பெற்ற ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளுள் ஒன்று டெல்ஃப்டில் இருந்தது. அக்கம்பெனி 1658இல் நாகப்பட்டினத்தையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றியது. யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு ஊர்ப்பெயர்களைச் சூட்டினர். அவ்வாறே நெடுந்தீவு ‘டெல்ஃப்ட்’ ஆயிற்று. கடல் கடந்து சென்றவர்கள் தம் ஊரின் பெயரையும் உடன் கொண்டு சென்றனர். ஆயினும் அங்குள்ள தமிழ் மக்கள் தம் நெடுந்தீவை மறந்தாரல்லர். ஊர்ப்பெயரின் அருமையை இருதிறத்தாரும் அறிவர் போலும்!

1672இல் மூண்ட போரினால் ஓவிய விற்பனை குன்றியது. வெர்மீர் கடனில் மூழ்கி, 1675இல் மனைவியையும் பதினொரு மக்களையும் விட்டு இறந்தார். 1696இல் ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் இச்சித்திரம் 200 கில்டருக்கு விலைபோயிற்று. 1822இல் 2,900 கில்டருக்கு வாங்கப்பெற்று ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் கலைக்கூடத்தை அடைந்தது. இன்றும் ஆங்கே உள்ளது.

படத்திலுள்ள இரு வாயில்களும் 1830களில் இடிக்கப்பட்டன. கல்லால் கட்டியவை அழிந்தன. துணியில் தீட்டியது நின்றது. நம் ஊரும் நாம் விட்டு வந்தவாறே இராது. குளம் தூரும், தெருவும் மாறும். ஆகவே அன்பர்களே, நாம் கண்ட ஊரை நம் மக்கட்குச் சொல்லியும் எழுதியும் வைப்போமாக. அயலூரில் கூடி ஆண்டு விழாக் கொண்டாடும் சங்கத்திற்கு இதனினும் சிறந்த பணி பிறிதில்லை.