டி.என்.பி.

‘டூ நாட் பாப்புலேட்’ என்பதன் சுருக்கம். வேர், மக்களைக் குறிக்கும் லத்தீன் ‘பாப்புலஸ்’. குடியேற்றாதே என்பது நேர்ப்பொருள். சர்க்யூட் படத்தில் இக்குறி பெற்ற ரெசிஸ்டருக்கோ கிரிஸ்டலுக்கோ போர்டில் இடம் உண்டு, பாகம் இராது. அது பழுதன்று, திட்டமிட்ட காலியிடம். நியூக்ளியோ-64 எனும் மைக்ரோகண்ட்ரோலர் சோதனைப் போர்டுகள் பலவற்றில் எக்ஸ்3 கிரிஸ்டல் பொருத்தப்படுவதில்லை; போர்டிலேயே உள்ள எஸ்டி-லிங்க் என்னும் புரோகிராமர் பகுதியே 8 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கைத் தருகிறது. தனிக் கிரிஸ்டல் வேண்டுவோர், உரிய சால்டர் பிரிட்ஜ்களை மாற்றி, அதைப் பற்றவைத்துக்கொள்ளலாம். டி.என்.எஃப்., டி.என்.ஐ. இரண்டுக்கும் இதே பொருள்தான். ‘என்.சி.’யில்தான் மிகுந்த கவனம் வேண்டும்: பாகத்தருகே இருந்தால் பொருத்தாதே என்றும், ஐ.சி.யின் காலருகே இருந்தால் இணைப்பு இல்லை என்றும் பொருள்படலாம். பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் படித்து ஓசூர் ஆலைகளுக்குப் போகும் பிள்ளைகள் படத்தோடு பாகப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழக வேண்டும். அசெம்பிளி லைனில் பட்டியலின்படிதான் பாகங்கள் ஏறுகின்றன.