முசோலினி மாற்றிய மரியாதை

பிரெஞ்சு படித்தவர்களுக்கு இத்தாலிய வினைச்சொல் எளிதுதான். நீ பேசுகிறாய் 'பார்லி', அவள் பேசுகிறாள் 'பார்லா', நீங்கள் பேசுகிறீர்கள் 'பார்லாத்தே'. இடறுவது மரியாதையில். நம் 'நீங்கள்', பிரெஞ்சின் 'வூ' போலப் பன்மை போட்டால் சரிவராது. எதிரே நிற்பவர் ஆணே ஆனாலும் 'லேய்', அதாவது 'அவள்' என்று சொல்லி, 'பார்லா' என முடிக்க வேண்டும்! 'பிரபு அவர்கள்' என்பது போன்ற பழைய விளி அங்கே பெண்பால் சொல். அதன் மிச்சம் இது.

1938-ல் முசோலினி அரசு, 'லேய்' அந்நிய அடிமைப் பழக்கம், இனி 'வோய்' என்ற பன்மைதான் என்று அரசு ஊழியர்களுக்கு உத்தரவிட்டது. 'லேய்' என்ற பெண்கள் பத்திரிகைகூட 'அன்னாபெல்லா' ஆனது. அங்கே அதற்கு வெறும் 'அவள்' என்றுதான் பொருள்! சுற்றறிக்கைகளோடு காலம் தள்ளிய எனக்கு, ஒவ்வொரு வினைமுற்றின் வாலையும் திருத்திய அந்தக் குமாஸ்தாக்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

ஆட்சி கவிழ்ந்ததும் 'லேய்' திரும்பிவிட்டது. நேப்பிள்ஸ் பக்கம் மட்டும் பெரியவர்களிடம் இன்றும் 'வோய்' கேட்கலாம். அது முசோலினிக்கு முன்பே அவர்களுடையது.