உலவும் பயனருக்கான வீலான்

வளாகத்தில் எந்த ஆக்சஸ் பாயிண்டின் கீழ் போய் நின்றாலும், ஒருவரை அவருக்குரிய மெய்நிகர் வலையமைப்பிலேயே (வீலான்) வைத்திருக்கும் ஏற்பாடு இது. வீலானுக்கான ஐ.இ.இ.இ. 802.1க்யூ தரம் 1998-இல் ஏற்கப்பட்டது. அதன் அடையாள எண் 12 பிட் என்பதால் 4,094 வீலான்கள் வரை அமைக்கலாம். பல ஆக்சஸ் பாயிண்டுகளை ஓரிடத்திலிருந்து ஆளும் கம்பியில்லா சுவிட்சுகள் 2002 வாக்கில் சந்தைக்கு வந்தன. இன்று அவற்றைக் கண்ட்ரோலர் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: சென்னைக்கு அருகே நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இரண்டு உள்ளன. 2013-இல் திறந்தது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. 2024-இல் திறந்தது 15 கோடி லிட்டர். அப்படியொரு வளாகத்தில் நிலையத்துக்கு ஒரு கம்பியில்லா சுவிட்ச் என்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் ஒருவர் வைஃபை போனில் பேசிக்கொண்டே ஒன்றிலிருந்து மற்றதற்கு நடக்கிறார். வைஃபையின் பெயர் மாறாததால் போன் பெரும்பாலும் பழைய ஐ.பி. முகவரியையே வைத்திருக்கும். புதிய சுவிட்சில் அந்த வீலான் இல்லையென்றால், சிக்னல் முழுதாக இருக்கும்போதே பேச்சு அறுந்துவிடும்.

ஒரே வீலானை, பல வீலான்களைச் சுமக்கும் டிரங்க் இணைப்பு வழியாக இரு சுவிட்சுக்கும் நீட்டுவது எளிய வழி. சிறிய இடத்துக்கு அதுவே போதும். பெரிய வளாகத்தில் பிராட்காஸ்ட் போக்குவரத்து பெருகி எல்லாரையும் மந்தமாக்கும். அங்கே சுவிட்சுகளுக்கிடையே டனல் போட வேண்டும். பயனர் முதலில் நுழைந்த சுவிட்சே அவருக்குத் தாய்வீடு. வேறெங்கு போனாலும் அவருடைய தரவு அங்கே சென்றே வெளியேறும். பக்கத்து மேசைப் பிரிண்டருக்கு அனுப்பிய கோப்பும் அந்தச் சுற்றைத் தப்பாது. விற்பனைக் கையேடுகள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

யாருக்கு எந்த வீலான் என்பதை, பயனரைச் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் சொல்கிறது. 2003-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3580 இதற்கு மூன்று பண்புகளை வகுத்தது: டனல் டைப் (13), டனல் மீடியம் டைப் (6), டனல் பிரைவேட் குரூப் ஐ.டி. கடைசிப் பண்பில்தான் வீலான் எண் வரும், அதுவும் எழுத்துச் சரமாக. சுவிட்சில் இல்லாத எண் வந்தால் சில சாதனங்கள் இணைப்பை மறுக்கும். சில இயல்பு வீலானில் தள்ளிவிடும். மறுப்பதே மேல். இணைப்பு கிடைக்காதவர் உடனே புகார் சொல்வார். தவறான வீலானில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

பயனர் வேறொரு நிறுவனத்திலிருந்து வருபவராகவும் இருக்கலாம். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான எடுரோம் வைஃபை சேவையை இந்தியாவில் எர்நெட் நடத்துகிறது. இதில் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது விருந்தினரின் சொந்த நிறுவனம். அவரை எந்த வீலானில் விடுவது என்பதை இடம் தரும் நிறுவனமே முடிவு செய்யும். வெளியிலிருந்து வரும் பதிலில் வீலான் எண் இருந்தால் தன் ரேடியஸ் சர்வரிலேயே அதை நீக்கிவிட வேண்டும். இல்லையென்றால், அங்கே மாணவர்களுக்கு என வைத்த 20 என்ற எண் இங்கே நிதிப் பிரிவின் வீலானாக இருந்துவிடலாம்.