உலைக்குக் காற்று தந்தவர்கள்

கொல்லுப்பட்டறையின் வரலாற்றை எழுதியோர் இரும்பைப் பற்றியும் சம்மட்டியைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். உலைக்குள் புகுந்த காற்றை யார், எந்த ஆற்றலைக் கொண்டு ஊதினார் என்ற கேள்வி அவர்களை அதிகம் ஈர்க்கவில்லை. ஒரு கிலோ கரி முற்றிலும் எரிய ஏறத்தாழ 10 கன மீட்டர் காற்று வேண்டும். திறந்த அடுப்பில் தானாக வந்து சேரும் காற்று சோறு பொங்கப் போதுமே தவிர, இரும்பை ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் கொண்டுபோய், அடித்தால் நெகிழும் மஞ்சள் நிறத்துக்கு ஆக்கப் போதாது. அந்தக் காற்றைச் சிறு இடத்தில் அடர்த்தியாகத் திணிப்பதற்கான உழைப்பு நெடுங்காலம் யாரோ ஒருவரின் கையிலோ காலிலோ இருந்தே வந்தது. அந்த உழைப்பு மின்சாரத்துக்குக் கைமாறிய கதையைத் தமிழகத்தில் தேடுவோர்க்கு, சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி நல்லதொரு நிலைக்களம். அதன் ஒரு பக்கத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் உள்ளன. கிழக்கே கடலோரம், ஒரு காலத்தில் இரும்பு உருக்கிய பரங்கிப்பேட்டை உள்ளது.

இக்கேள்விக்கான பழைய சான்றுகளுள் ஒன்று, எதிர்பாராத வகையில், ஒரு காதல் பாட்டில் கிடைக்கிறது. குறுந்தொகையின் 172ஆம் பாடலில் கச்சிப்பேட்டு நன்னாகையார், ஏழு ஊர்களின் பொது வேலைக்காக ஓர் ஊரில் அமைக்கப்பட்ட உலையின் துருத்தியைத் தலைவியின் ஓய்வறியாத நெஞ்சுக்கு உவமையாக்குகிறார். அந்தத் துருத்தி காலால் மிதித்து இயக்கப்பட்ட தோல் பை என்பது பாடலிலிருந்தே தெரிகிறது. ஏழு ஊருக்கு ஒரு கொல்லன் என்னும் ஏற்பாட்டையும், துருத்திக்கு ஓய்வே இல்லை என்பதையும் புலவர் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார். ஆனால் துருத்தி ஓயவில்லை என்றால் அதை மிதித்த கால்களும் ஓயவில்லை என்றுதான் பொருள். அந்தக் கால்களுக்கு உரியவர் பாடலில் இல்லை. நொய்யல் கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளிலும் இரும்பு உருக்கிய உலைகளும், காற்றை உலைக்குள் செலுத்தும் சுடுமண் ஊதுகுழல்களும் கிடைத்தன. மண் குழல் நெடுங்காலம் நிற்கும். அதன் மறுமுனையில் கட்டப்பட்டிருந்த தோல் மக்கிப் போகும்.

அந்தத் தோல் துருத்தி எப்படி இயங்கியது என்பதை நுணுக்கமாகப் பதிவு செய்தவர் பரங்கிப்பேட்டை இரும்பாலையை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசுப் பணியில் இருந்த இவர், சேலம் பகுதியின் உலைகளை நேரில் கண்டு 1830களில் எழுதிய கட்டுரையில் தரும் விவரம் இது. ஆட்டின் வயிற்றுப் பகுதியைக் கிழிக்காமல் தோலை முழுதாக உரித்தெடுத்து, கால் துளைகளைக் கட்டிவிட்டு, கழுத்துத் துளையில் மூங்கில் குழலைப் பொருத்துவர். வால் பக்கத் திறப்பை அகலப்படுத்தி, அதன் இரு விளிம்புகளிலும் மூங்கில் பட்டைகளை வைத்துத் தைப்பர். பட்டைகளை விரல்களால் சேர்த்துப் பிடித்து அழுத்தினால் பையிலுள்ள காற்று குழல் வழியே உலைக்குப் பாயும். கையைத் தூக்கும்போது விரல்களை விரித்தால் வாய் திறந்து பை மீண்டும் நிறையும். தனியாக அடைப்பிதழ், அதாவது காற்றை ஒரு திசையில் மட்டும் விடும் தடுப்பு, தேவையில்லை. ஊதுபவரின் விரல்களே அடைப்பிதழாயின. கைக்கு ஒரு துருத்தியாக இரண்டை மாற்றி மாற்றி இயக்கியதால் காற்று ஏறத்தாழ இடைவிடாது பாய்ந்தது. ஒரு முறை உருக்கி முடிக்க மூன்று நான்கு மணி நேரம் இப்படி ஊத வேண்டியிருந்தது.

இதை விவரித்து எழுதிய ஹீத், தாம் கட்டியதோ முற்றிலும் வேறொன்று. 1830ஆம் ஆண்டை ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் எழுந்த ஆலைக்குச் சேலத்து இரும்புக் கனிமம் காவிரி, கொள்ளிடம் வழியே பரிசல்களில் வந்து சேர்ந்தது. கரியால் எரியும் ஐரோப்பிய ஊதுலைகள் அங்கு நிறுவப்பட்டன. ஊதுலை என்பது மேலிருந்து கனிமமும் கரியும் கொட்டக் கொட்ட, அடியிலிருந்து வலிந்து செலுத்தும் காற்றால் இடைவிடாது எரியும் உயர்ந்த உலை. 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதிய பெயர் பூண்டும் அந்த முயற்சி தழைக்கவில்லை. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆலை மூடப்பட்டது. சுற்று வட்டாரக் காடுகளின் கரி அதன் பசிக்கு ஈடுகொடுக்க முடியாமற் போனது முக்கியக் காரணங்களுள் ஒன்று. ஆலை அணைந்த பின்னும் தென்னார்க்காட்டு ஊர்களின் சிறு பட்டறைகள் அணையவில்லை. நாட்டு உருக்குலைகள் மங்கிய பிறகு அவை சீமை இரும்பை வாங்கிக் கொழு, மண்வெட்டி, கருக்கரிவாள், வண்டிச் சக்கரப் பட்டா ஆகியவற்றை அடித்துத் தந்தன; கூலியாக அறுப்புக் காலத்தில் களத்து நெல்லில் ஒரு பங்கு வந்தது.

ஊர்ப் பட்டறைக்கு எவ்வளவு ஆற்றல் தேவைப்பட்டது என்று கணக்கிட்டால் ஒரு சமூக உண்மை வெளிப்படுகிறது. உடல் நலமுள்ள ஒருவர் நாள் முழுதும் சோராமல் தர வல்ல ஆற்றல் ஏறத்தாழ 75 வாட். ஒரு சிறு உலையை ஊத அந்த அளவோ அதற்கும் குறைவோ போதும். ஆகவே ஒரு பட்டறைக்கு ஒரு முழு ஆள் எப்போதும் காற்றுக்கென்றே கட்டுப்பட்டிருந்தார், அந்த ஆள் பெரும்பாலும் கொல்லரின் மனைவி அல்லது மகன். கொல்லரின் பெயரால் வந்த நெல்லில் துருத்தி இழுத்தவருக்கெனத் தனிப் பங்கு கிடையாது. கைத்திறன் தந்தையிடமிருந்து மகனுக்குப் போயிற்று என்று பெருமையாகச் சொல்லப்படும் மரபின் முதல் பாடம், பள்ளிக்குப் போகாமல் துருத்தி அருகே உட்கார்ந்திருந்ததுதான்.

தோல் பைக்குப் பின் வந்தது சுழலும் விசிறி. நத்தை ஓட்டு வடிவக் கூட்டுக்குள் தகட்டு இதழ்கள் வேகமாகச் சுழன்று காற்றை ஓரத்துக்கு எறிய, அது ஒரு குழல் வழியே வெளியேறுவது இதன் அமைப்பு. விலைக்கு வாங்க இயலாதோர் இதைச் சைக்கிள் சக்கரத்தைக் கொண்டே அமைத்தனர்: டயர் கழற்றிய 64 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்திலிருந்து ஒரு பட்டை, விசிறித் தண்டிலுள்ள 4 சென்டிமீட்டர் உருளைக்குச் செல்லுமாயின், கைப்பிடியை நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்றினால் விசிறி நொடிக்கு 16 சுற்றுச் சுற்றும். பை தரும் அழுத்தத்தை விசிறி தராது. காற்றின் அளவை மட்டும் தாராளமாகத் தரும். கரிப் படுகை ஆழமில்லாத பட்டறை உலைக்கு அளவுதான் முக்கியம் என்பதால் இந்த மாற்றம் எளிதில் நிலைத்தது. ஆயினும் கைப்பிடியைச் சுற்ற ஓர் ஆள் வேண்டியே இருந்தது.

அந்த ஆளை விடுவித்தது மின்சாரம். 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது தென்பட்ட கரும்பொருளே பின்னாளில் இப்பகுதியின் தலையெழுத்தை மாற்றியது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவாயிற்று. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1962இல் சோவியத் உதவியுடன் 50 மெகாவாட் திறனுள்ள முதல் மின் உற்பத்திப் பிரிவு ஓடத் தொடங்கியது. எடையில் பாதியளவு ஈரம் கொண்ட அந்த நிலக்கரி வெட்டியெடுத்தபடியே பட்டறை உலைக்கு ஏற்றதன்று. அதைச் சுட்டுக் கட்டிகளாக்கி லெகோ என்ற பெயரில் விற்றபோது அது பல வீடுகளின் அடுப்புக்குப் போயிற்று. கொல்லருக்கு நெய்வேலி தந்தது காற்றுதான். 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தில் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும் சாதாரண மோட்டார், தண்டில் நேரடியாகப் பொருத்திய சிறு விசிறியைச் சுழற்றக் கைச்சக்கரமும் பட்டையும் வேண்டாமற் போயின. பழைய மோட்டாரைக் கொண்டு தாமே அமைப்போர் ஒரு நுட்பத்தை விரைவில் அறிந்துகொள்வர்: காற்றைக் குறைக்க மோட்டாரின் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை, விசிறியின் உறிஞ்சு வாயை ஒரு தகட்டால் பாதி மூடினால் போதும், தள்ள வேண்டிய காற்று குறைவதால் மோட்டாரின் சுமையும் குறையும். துருத்திக் காலத்தில் கொல்லரின் ஒரு பார்வையைக் கண்டே ஊதுபவர் கையைத் தளர்த்துவார்; அப்பார்வையின் வேலை தகட்டுக்கு வந்தது. குறைக்காவிட்டால் மிகுந்த காற்றில் இரும்பின் மேல் செதில் படர்ந்து பொருள் வீணாகும்.

காற்று மலிவான காலத்தில் வேலை குறைந்தது என்பது இவ்வரலாற்றின் கசப்பான திருப்பம். டிராக்டர் கொழுவையும், அறுவடை இயந்திரம் கருக்கரிவாளையும் ஒதுக்கின. நெல் வயலும் நிலைக்கவில்லை: நெய்வேலி இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் வாய்க்காலை வெட்ட, 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியபோது அது தமிழகம் முழுதும் பேசப்பட்டது. இன்று அரிவாளும் கோடரியும் அடித்துத் தருவோருள் வட இந்தியாவிலிருந்து வந்து சாலையோரம் தங்கும் நாடோடிக் கொல்லர் குடும்பங்களும் உண்டு. தரையில் தோண்டிய குழியே அவர்களின் உலை. சாலையோரக் கூடாரத்துக்கு மின் இணைப்பு இல்லாததால், அனல்மின் நிலையங்கள் உள்ள இம்மாநிலத்திலும் அந்த உலையின் விசிறியைக் கைப்பிடி பிடித்துச் சுற்றுவது பெரும்பாலும் அக்குடும்பத்துப் பெண்களே.