இரத்தத்தின்மேல் விழுந்த பழி

தோலிலே தடிப்பும் கொப்புளமும் கண்டவனை நோக்கி, "இரத்தம் கெட்டுவிட்டது" என்று கூறுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அவன் அருகே அமர்ந்து உண்ணவும் சிலர் அஞ்சுவர். ஒருவகைத் தோல் நோயைப் பொறுத்தமட்டில் இவ்விரண்டும் பொய்யென ஆராய்ச்சி நிலைநாட்டிவிட்டது. அவ்வரலாறு உழைப்பாளர் யாவரும் அறியத்தக்கது.

சில இரசாயனப் பொருள்கள் பன்னாள் தோலிற் பட்டும் தீங்கு செய்யா. பின்னர் ஒருநாள், பட்ட இடம் சிவந்து கொப்புளிக்கும். இதுவே ஒவ்வாமைத் தோல் அழற்சி. 1895ஆம் ஆண்டில் யாடாசோன் என்னும் ஜெர்மானிய மருத்துவர், ஐயத்திற்குரிய பொருளைத் தோலில் ஒட்டிவைத்துச் சோதிக்கும் முறையை வெளியிட்டார். எனினும், உடலினுள் நிகழ்வது யாதென்பது விளங்கவில்லை.

அதனை ஆராயப் புகுந்தவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். இரத்த வகைகளைக் கண்டறிந்து, 1930இல் நோபல் பரிசு பெற்ற அறிஞர். நியூயார்க் நகரத்து ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் அவரும் ஜான் ஜேக்கப்ஸும், டைநைட்ரோகுளோரோபென்சீன் போன்ற பொருள்களைக் கினிப்பன்றிகளின் தோலிற் செலுத்திச் சோதித்து, 1935இல் முடிவுகளை வெளியிட்டனர். சில வாரங்கள் கழித்து அதே பொருளைச் சிறிது தடவ, மறுநாள் அவ்விடம் சிவந்தது; முன் பழக்கமில்லாத பிராணிகளுக்கோ ஒன்றும் நேரவில்லை. பிற பொருள்களோடு எளிதில் இணையும் இரசாயனங்களே இதனை விளைவித்தன. அவை தோலின் புரதத்தோடு கூடி, உடலுக்கு அந்நியப் பொருளாகிவிடுகின்றன.

இக்கூருணர்ச்சி தங்குமிடம் எது? இரத்த நீர்தானா? நோயுற்ற கினிப்பன்றியின் இரத்த நீரை மற்றொன்றுக்கு ஏற்றினால் அழற்சி தோன்றவில்லை. லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும், வயிற்றறையினின்று எடுத்த உயிருள்ள வெள்ளணுக்களை ஏற்றினர். அப்பொருளைத் தொட்டறியாத பிராணியும் அழற்சியுற்றது! 1942இல் வெளிவந்த இம்முடிவு, பழியை இரத்தத்தினின்று நீக்கிற்று. இரத்தம் கெடவில்லை, உடலைக் காக்கும் அணுக்களே ஒரு பொருளைப் பகையெனக் கருதி, மறவாது நினைவிற் கொண்டுள்ளன.

இவ்வறிவுக்காக வாயில்லாப் பிராணிகள் பல துன்புற்றன. அக்கடன் மறக்கத்தக்கதன்று. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம், பிராணிகள்மீது புதிதாகச் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையைத் தடுத்தது. ஒரு பொருள் புரதத்தோடு இணையுமா என்பதைச் சோதனைக் குழாயிலேயே அறியும் முறையும் 2015இல் சர்வதேச ஏற்புப் பெற்றது.

தோழர்களே! சிமெண்டிலுள்ள குரோமியத்தால் கொத்தனாரின் கை வெடிக்கின்றது. ரப்பர்க் கையுறையிற் சேர்த்த மருந்தால் துப்புரவுப் பெண்ணின் விரல் புண்ணாகின்றது. உயிரணுக்களையே எடுத்து ஏற்றினாலன்றிப் பிறரைச் சேராத நோயைத் தொற்று என அஞ்சுவது பேதைமை. ஒதுக்கவேண்டியது அப்பொருளை; அவ்வுழைப்பாளியை அன்று.