துன் சம்பந்தனும் தோட்டத்துப் பத்து வெள்ளியும்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது ஈப்போவில் நம்மவர் வணிகம் பற்றிய கட்டுரை. அதற்காக வீட்டில் பழைய காகிதங்களைத் தேடியபோது என் நன்னாவின் பற்றுப் புத்தகம் கிடைத்தது. சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களுக்குப் போய், லயத்து வாசலில் கடனுக்குக் கைலியும் சேலையும் விற்றவர் அவர். சம்பள நாளில் போய்த் தவணை வாங்குவார். 1960ஆம் ஆண்டுப் பக்கங்களில் பல பெயர்களுக்கு எதிரே ‘சங்கம் 10’ என்று குறித்திருக்கிறார். அம்மாவிடம் கேட்டேன், சிரித்தார். “சங்கத்துக்குப் பத்து வெள்ளி கட்டிட்டோம் பாய், அடுத்த மாசம் தர்றோம்” என்று சொன்னவர்களின் கணக்காம் அது. துன் வீ. தி. சம்பந்தன் பெயர் எங்கள் வீட்டுக்குள் இப்படித்தான் நுழைந்தது. ஆகவே வணிகத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டு, அவரைப் பற்றி எழுதுகிறேன்.

சம்பந்தன் 1919 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தந்தையார் வீராசாமி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மலாயா வந்து, ரப்பர் பயிரிட்டு முன்னேறியவர். மகன் கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியிலும் பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். அவருடைய 29ஆவது பிறந்த நாளான 1948 ஜூன் 16 அன்றுதான் அதே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. முள்வேலியும் ஊரடங்கும் அரிசிக் கட்டுப்பாடுமாக இருந்த அந்த ஆண்டுகளில் அவர் ஊருக்குத் தமிழ்ப்பள்ளி அமைக்கப் பாடுபட்டார். 1954இல் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

1955இல் ம.இ.கா. தலைவரானார். அந்த ஜூலைத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. (தோற்ற ஒரே இடமும் நம் பேராக்கின் கிரியான்தான்!) தொழிலாளர் அமைச்சர், சுகாதார அமைச்சர், பிறகு நீண்ட காலம் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சர், கடைசியில் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சர் என 1974 வரை அமைச்சரவையில் இருந்தார். மேலவை வழியாகப் பதவிக்கு வந்தவர்களும் உண்டு. ஆதி நாகப்பன் அப்படி அமைச்சரானவர். நம் சமூகத்தவரான எஸ்.ஓ.கே. உபைதுல்லாவும் மேலவையில் இடம்பெற்றவர். சம்பந்தனோ தொகுதியில் நின்று வாக்குக் கேட்டு வென்றவர். அவர் ஒரு நாள் பிரதமர் பொறுப்பு வகித்ததைத்தான் பலரும் முதலில் சொல்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை.

பெரிய காரியம் அந்தப் பத்து வெள்ளிதான். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். தோட்டம் துண்டானால் போவது வேலை மட்டுமல்ல. லயத்து வீடு, பள்ளிக்கூடம், கோயில், மளிகைக் கடை எல்லாம் சேர்ந்தே போகும். இந்தத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அஜிஸ் தனியே ஓர் ஆய்வே நடத்தினார். நன்னாவின் புத்தகத்தில் ஒரு தோட்டத்துப் பக்கங்கள் முழுவதும் குறுக்கே கோடு போட்டு ‘தோட்டம் போச்சு’ என்று எழுதியிருக்கிறது. ஆள் எங்கே போனார் என்று தெரியாதபோது கடனை யாரிடம் கேட்பது?

சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு 100 வெள்ளி. பத்துப் பத்தாகக் கட்டலாம். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசி உறுப்பினர் சேர்த்தார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது சில நாள் உழைப்பு. 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. பால் வெட்டியவர்களே தோட்டத்தில் பங்குதாரர்கள்! நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்தவன், பொருளாதாரம் படிக்கவில்லை. ஆனால் வியாபாரியாகப் பார்க்கும்போது ஒன்று புரிகிறது. கைலி விற்க நன்னா கையாண்ட தவணை முறையைத்தான் அவர் தோட்டம் வாங்கக் கையாண்டிருக்கிறார். நன்னா கொஞ்ச நாள் முணுமுணுத்தாராம்: “சம்பந்தன் என் பையிலிருந்துதான் முதல்ல எடுத்தார்.”

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களிடம் வேலை பெர்மிட் கண்டிப்பாகக் கேட்கப்பட்டபோது, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். தலைவர் இன்னும் உரத்துப் பேசியிருக்கலாம் என்று அப்போதும் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. சங்கத்தாலும் துண்டாடலை நிறுத்த முடியவில்லை. அது காப்பாற்றியது இருபதுக்கும் குறைவான தோட்டங்களை. போனவை அதைவிட மிக அதிகம். இன்று நான் சரக்கு இறக்கும் தாமான்களில் சில, நன்னா சைக்கிள் மிதித்த தோட்டங்கள் இருந்த இடங்கள்தான்.

கட்சிக்குள் ஏற்பட்ட பூசலுக்குப் பின் 1973இல் தலைமையை வி. மாணிக்கவாசகத்திடம் விட்டு விலகினார். கூட்டுறவுச் சங்கத்தை மட்டும் விடவில்லை. 1979 மே 18இல், 59 வயதில் காலமானார். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் போன நன்னா திரும்பி வந்து கடையைத் திறக்கவில்லை என்று அம்மா சொல்கிறார். ‘சங்கம் 10’ என்று குறித்த பக்கங்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று பேரைத் தவிர மற்ற எல்லாருடைய பாக்கியும் தீர்ந்திருக்கிறது.