வெட்கம் சிகிச்சைக்குத் தடையாகலாகாது

பாலியல் உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாமல் குடும்ப வாழ்வும் தொழிலும் சிதையக் காண்போர் பலர், வெட்கத்தினால் வைத்தியரை நாடுவதில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் 11 ஆவது சர்வதேச நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உந்துதல் கட்டுப்பாட்டுக் குறைபாடுகளுள் ஒன்றாக இதனை அது வகுத்துள்ளது. எனினும், ஒழுக்கம் சார்ந்த குற்றவுணர்வு மாத்திரம் நோயாகாது என்பதையும் அது தெளிவுபடுத்துகின்றது.

சிகிச்சை பற்றிய ஆய்வுகளோ சொற்பமே. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் 137 ஆண்களிடம் மேற்கொண்ட ஆய்வு 2019 இல் வெளியானது. சிந்தனையையும் நடத்தையையும் சீர்செய்யும் குழுநிலை உளச்சிகிச்சையை ஏழு அமர்வுகளில் பெற்றோரிடம், அதற்காகக் காத்திருந்தோரைவிட அறிகுறிகள் குறைந்தன. 2022 இல் வெளியான போலந்து ஆய்வில் 73 ஆண்களுக்கு 20 வாரங்கள் பரொக்செற்றின், நல்ட்ரெக்சோன் அல்லது மருந்தற்ற போலி மாத்திரை வழங்கப்பட்டது. வைத்தியர்களின் மதிப்பீட்டில் மருந்துகள் பயனளித்ததாகத் தெரிந்தபோதிலும், நோயாளரின் சுயமதிப்பீட்டில் அவ்வேறுபாடு தென்படவில்லை. இவ்விரு ஆய்வுகளிலும் பெண்கள் இடம்பெறாமையும் பெருங்குறையே.

மருந்தின் பயன் இன்னும் உறுதிப்படாத நிலையில், உளச்சிகிச்சையின் வாசலையேனும் வெட்கமும் வசையும் அடைத்துவிடலாகாது என்பதே எமது நிலைப்பாடாகும்.